பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்க பழைய ஃபைபர் படகு வாங்கப் போறீங்களா? இதையெல்லாம் செக் பண்ணுங்க!

சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் 2வது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பரப்பு பெரிசு, ஆழம் குறைவு. மணலில் உரசி படகின் அடிப்பகுதி தேயும். அதனால், விலை பேசும் முன் படகைக் கரையேற்றிப் பாருங்க.

அடிப்பகுதி: தட்டினால் கெட்டியான சத்தம் வரணும். மந்தமாகக் கேட்டால் ஃபைபர் அடுக்கு பிரிந்திருக்கலாம். புது பெயிண்ட் விரிசலை மறைக்கும், உஷார்!

பின்பலகை: இன்ஜினைப் பிடித்து ஆட்டுங்க. பலகை அசைந்தால், உள்ளே மரம் இத்துப்போயிருக்கலாம். ஓடும்போதே இன்ஜின் கழன்று விழும் ஆபத்து உண்டு.

இன்ஜின்: நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்க. குளிர்விக்கும் தண்ணீர் சீராக வெளியே வரணும்.

ஆவணம்: பதிவுச் சான்று விற்பவர் பெயரில்தான் இருக்கா?

கடைசியாக, அரை மணி நேரம் ஏரியில் ஓட்டுங்க. உள்ளே தண்ணீர் கசிந்தால், எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம்.