இரவல் பெற்றதைத் திருப்பித் தருதல்
லினக்ஸ் கருவில் வள முகாமையின் வரலாறு – ஒரு நோக்கு

வீரமுனை, சம்மாந்துறை, கல்முனை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் வயல்வெளிகளிலே வட்டவிதானை என்னும் பதவி நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ஒரு வட்டையில் வேளாண்மை செய்வோர் தம்முள் ஒருவரைத் தெரிந்து, நீர் பாய்ச்சும் முறையையும் வேலி அடைப்பையும் மேற்பார்வை செய்யும் பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பர். அதற்கு ஊதியமாக நெல் அளப்பர். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 இல் இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும், பயிர்ச்செய்கையாளரின் பழைய வழக்கங்கள் மீண்டும் நடைமுறைக்கு வர வழி செய்தது. பொது வளமொன்றைப் பலர் பயன்படுத்தும் இடத்தில், ஒவ்வொருவரும் தத்தம் கடமையை மறவாதிருப்பர் என்னும் நம்பிக்கை மட்டும் போதாது. அக்கடமையை நினைவிற் கொள்ளும் ஓர் ஏற்பாடும் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் உண்மையாகும். கணினியின் பணிசெயல் முறைமையை ஆக்கியோரும் இதே உண்மையைத் தம் அனுபவத்தாற் கண்டறிந்தனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது விஞ்ஞான பீடத்தாருக்கே உரிய பொருள் எனச் சிலர் கருதலாம். ஆயினும், பிழைக்குப் பொறுப்பு மனிதரா, அவர் உழைக்கும் முறையா என்ற வினா வரலாற்று மாணவருக்கும் உரியதே.

பணிசெயல் முறைமையின் மையப் பகுதி கரு எனப்படும். வன்தட்டு, அச்சுப்பொறி, வலையமைப்பு அட்டை முதலிய சாதனங்களோடு கரு தொடர்புகொள்வதற்கு அவ்வச் சாதனத்துக்குரிய நிரல் ஒன்று தேவை. அதுவே சாதன இயக்கி. வழக்கில் அதனை டிரைவர் என்பர். இயக்கி தன் பணியைத் தொடங்குமுன் கருவிடமிருந்து சில வளங்களை இரவலாகப் பெறுகின்றது. நினைவகத்தில் ஒரு பகுதி, சாதனத்தின் பதிவகங்களை அணுகுவதற்கான முகவரி, சாதனம் அழைக்கும்போது செவிசாய்ப்பதற்கான இடைமறிப்பு இலக்கம் என்பன அவற்றுட் சில. இவை ஒன்றன்பின் ஒன்றாகப் பெறப்படுவன. மூன்றைப் பெற்றபின் நான்காவது கிடையாவிடின், பெற்ற மூன்றையும் தலைகீழ் வரிசையில் திருப்பித் தந்துவிட்டே இயக்கி வெளியேற வேண்டும். வரிசை பிறழ்ந்தாலும் கேடு விளையும். இடைமறிப்பை நிறுத்துமுன் நினைவகத்தைத் திருப்பித் தந்துவிட்டால், அடுத்த அழைப்பு வரும்போது தனக்குரியதல்லாத நினைவகத்தில் இயக்கி கைவைத்துவிடும். முழுக் கணினியுமே நின்றுவிடக்கூடும். சாதாரண செய்நிரல் ஒன்று முடிவடையும்போது அதன் வளங்களைக் கரு தானே மீட்டுக்கொள்ளும். இயக்கியோ கருவின் உள்ளேயே இயங்குவது. அது மறந்ததை மீட்பார் எவருமிலர்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸ், சி மொழியில் எழுதப்பட்டது. பெற்றதைத் தானாகத் திருப்பித் தரும் வசதி எதனையும் அம்மொழியின் நியமம் வழங்கவில்லை. எனவே நிரலாளர் ‘கோட்டு’ என்னும் தாவற் கட்டளையை நாடினர். தோல்வி நேர்ந்தவிடத்து நிரலின் இறுதிக்குத் தாவி, அங்கு வரிசையாக எழுதப்பட்ட மீளளிப்புகளுள் உரிய இடத்திலிருந்து தொடங்குவதே அம்முறை. 1968 இல் டைக்ஸ்திரா என்னும் ஒல்லாந்து அறிஞர் தீங்கானதெனக் கண்டித்த கட்டளையே இங்கு ஒழுங்கைக் காப்பதற்குப் பயன்பட்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. எனினும், தோல்விப் பாதைக்கென ஒருமுறையும் சாதனம் அகற்றப்படும் வேளைக்கென மறுமுறையுமாக ஒரே பட்டியலை இருமுறை எழுத வேண்டியிருந்தது. ஒன்றைத் திருத்தியவர் மற்றையதைத் திருத்த மறப்பது இயல்பே.

இதன் விளைவு விரைவில் வெளிப்பட்டது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்டி சௌ, டோசன் எங்ளர் முதலானோர் 2001 இல் வெளியிட்ட ஆய்வு, இயக்கிகளின் பிழை வீதம் கருவின் ஏனைய பகுதிகளினதைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை உயர்ந்திருந்ததைக் காட்டிற்று. இதனைக் கொண்டு இயக்கிகளை எழுதியோர் கவனமற்றவர் என முடிவு செய்தல் எளிது; ஆனால் அது நேரிய முடிவாகாது. தோல்விப் பாதை என்பது அரிதாகவே நடக்கப்படும் பாதை. நாள்தோறும் நடக்கும் பாதையில் உள்ள குழி உடனே தெரியும். எவரும் செல்லாத பாதையிலுள்ள குழி, ஒருவர் விழுந்த பின்னரே தெரியவரும்.

2007 இல் கொரிய நிரலாளரான டெஜுன் ஹியோ இதற்கொரு தீர்வை முன்வைத்தார். வன்தட்டுகளுக்குரிய இயக்கிகளைச் சீர்செய்ய முற்பட்டபோதே அத்தேவையை அவர் உணர்ந்தார். ‘டெவ்ரெஸ்’ எனப்படும் அவ்வேற்பாடு அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 2.6.21 பதிப்பில் இடம்பெற்றது. அதன் தத்துவம் மிக எளியது. ஒவ்வொரு சாதனத்துக்கும் கரு ஒரு பட்டியலை வைத்திருக்கும். ‘டெவ்எம்’ என்னும் முன்னொட்டுடைய சார்புகளின் வழியாக இயக்கி வளமொன்றைப் பெறும்போதெல்லாம், அவ்வளமும் அதனைத் திருப்பித் தரும் வழியும் அப்பட்டியலிற் பதியப்படும். தொடக்கத்தில் தோல்வி நேரினும், பின்னர் சாதனத்திலிருந்து இயக்கி பிரிக்கப்படினும், கருவே பட்டியலைப் பின்னிருந்து முன்னாகப் படித்து யாவற்றையும் மீட்டுக்கொள்ளும். இருமுறை எழுதப்பட்ட மீளளிப்புப் பட்டியல்கள் பல இயக்கிகளிலிருந்து மறைந்தன. வட்டவிதானையிடம் ஒப்படைத்த நீர்முறைபோல, மீளளிப்பின் கணக்கும் தனியாளின் நினைவிலிருந்து பொது ஏற்பாட்டின் கைக்கு மாறிற்று.

ஆயினும், இவ்வேற்பாடு எல்லா இடர்களையும் நீக்கிவிட்டது எனக் கொள்வதற்கில்லை. சில வளங்களைப் பட்டியல் வழியாகவும் வேறு சிலவற்றைக் கையாலும் மீளளிப்போர் வரிசையைக் குலைத்துவிடுவதுண்டு. கையால் மீளளிப்பது முதலில் நிகழ, பட்டியலிலுள்ளவை அதன் பின்னரே மீட்கப்படும். இதனினும் ஆழமான குறையொன்றை லோரன் பின்ஷார் என்னும் நிரலாளர் 2022 இல் டப்ளின் நகரில் நடைபெற்ற லினக்ஸ் மாநாட்டில் எடுத்துரைத்தார். பயனர் ஒருவர் சாதனத்தைத் திறந்து வைத்திருக்கும்போதே அது பிடுங்கப்பட்டால், பட்டியல் முறைப்படி நினைவகம் உடனே மீட்கப்படும். பயனரின் செய்நிரலோ அதனை இன்னும் நாடக்கூடும். சாதனத்தின் ஆயுளும் அதனைச் சார்ந்த தரவின் ஆயுளும் ஒன்றே எனக் கொண்டமை இக்குறைக்குக் காரணமாயிற்று. எவ்வளம் எவர்க்கு, எதுவரை உரியது என்ற வினாவைப் பட்டியல் தானாகத் தீர்ப்பதில்லை. அதனை நிரலாளரே சிந்தித்துத் தீர்த்தல் வேண்டும்.

இத்திசையில் முயற்சிகள் தொடர்ந்தன. 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில், உரிமையைத் தன் இலக்கணத்திலேயே வரையறுக்கும் ரஸ்ட் மொழிக்கு இடமளிக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட்டில் வெளியான 6.5 பதிப்பில், பீற்றர் செயில்ஸ்திராவின் முயற்சியால், ஒரு சார்பினுள் பெறப்பட்ட பூட்டும் நினைவகமும் அச்சார்பு முடியும்போது தாமாகவே விடுவிக்கப்படும் முறை சி மொழியிலேயே அமைக்கப்பட்டது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். கவனமாயிருங்கள் என்ற அறிவுரை பல ஆண்டுகளாகச் சாதிக்காததை, கணக்கு வைக்கும் இடத்தை மாற்றிய ஒரு சிறு ஏற்பாடு பெருமளவு சாதித்தது. அதே வேளை, அவ்வேற்பாட்டை நம்பி உரிமையையும் ஆயுளையும் பற்றிச் சிந்திக்க மறந்த இடத்தில் புதிய பிழைகளும் தோன்றின. வட்டவிதானை இருக்கிறார் என்பதற்காகத் தன் வரம்பைப் பாராத கமக்காரன் எங்கள் ஊரிலே இல்லை. பொறுப்பைப் பொது ஏற்பாட்டிடம் ஒப்படைத்த பின்னரும் தனியாளின் சிந்தனைக்கு இடமுண்டு என்பதை அவன் நன்கறிவான்.