பெயர் மறைந்த கிதார் வித்தகர்

கோபுரத்தைக் கண்டு வியப்போர், கட்டுவித்த மன்னனின் பெயரைக் கேட்பர். கல் செதுக்கியவனை எவரும் வினவுவதில்லை. இசைத்தட்டுகளின் வரலாற்றிலும் இவ்வழக்கம் உண்டு. மாணவ நண்பர்களுக்கு இதற்குச் சான்றாக டேனி செட்ரோன் என்னும் அமெரிக்கரைப் பற்றிக் கூற விரும்புகிறேன்.

1920-இல் பிறந்த செட்ரோன், பிலடெல்பியா வட்டாரத்தில் 'எஸ்கொயர் பாய்ஸ்' என்ற இசைக்குழுவை நடத்தியவர். பில் ஹேலியின் குழுவில் அவர் நிலையான உறுப்பினர் அல்லர். ஒலிப்பதிவுக்கு மட்டும் ஊதியம் பெற்று வாசிப்பார். 1952-இல் ஹேலியின் 'ராக் த ஜாயின்ட்' இசைத்தட்டில் மின்னல் வேகத்தில் ஒரு தனிவாசிப்பை அளித்தார். 1954 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் 'ராக் அரவுண்ட் த கிளாக்' பதிவாயிற்று. நேரத்தின் பெரும்பகுதி வேறொரு பாடலுக்குச் செலவாகிவிட்டது. எஞ்சிய சிறு பொழுதில் செட்ரோன் தம் பழைய வாசிப்பையே மீண்டும் எடுத்தாண்டார். சில வினாடிகளே ஒலிக்கும் அவ்வாசிப்பு, பின்வந்த கிதார்க் கலைஞர்களுக்குப் பாடமாயிற்று.

அவ்வாண்டு ஜூன் 17-இல் மாடிப்படியில் வீழ்ந்து அவர் மாண்டார், வயது 33. மறு ஆண்டு 'பிளாக்போர்டு ஜங்கிள்' திரைப்படத்தின் தொடக்கத்தில் அப்பாடல் முழங்கியது. ஜூலையில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவ்வெற்றியைக் காண அவர் இல்லை.

2012-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் ஹேலியின் 'காமெட்ஸ்' குழுவினரைச் சேர்த்துக்கொண்டபோது, அவர் பெயரும் அப்பட்டியலில் இடம்பெற்றது. மறைந்து 58 ஆண்டுகள் கழிந்திருந்தன! இனி ஓர் இசைத்தட்டைக் கேட்கையில் பாடியவர் பெயரோடு அமைந்துவிடாதீர்கள். வாசித்தவர் யார் என்றும் கேளுங்கள். வரலாறு அக்கேள்வியில்தான் தொடங்குகிறது.