நன்கொடையும் முன்னுரிமையும்: அண்ணாமலைப் பல்கலைக்கழக நிதி வரலாறு (1920–2013)

முன்னுரை

தமிழகப் பல்கலைக்கழகங்களின் வரலாறு நிறுவியவரின் கொடைச் சிறப்பாகவும் பேராசிரியர்களின் புலமைச் சிறப்பாகவுமே பெரிதும் அறியப்பட்டுள்ளது. நிதி எப்பணிக்கெனத் திரட்டப்பட்டது, அந்நிதியோடு எவ்வுரிமை கைமாறியது என்னும் வினாக்களும் அவ்வரலாற்றின் பகுதிகளே. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிதி வரவினை மூன்று வகைகளாகப் பகுத்து இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிறுவனக் கொடையும் ஆளுகை உரிமையும்

செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். தமிழுக்கும் வடமொழிக்கும் தனிக் கல்லூரிகள் அதனைத் தொடர்ந்தன. மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை பணியாற்றினார். இக்கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் செட்டியார் அளிக்க, 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 1929 ஜனவரி 1இல் பல்கலைக்கழகம் தோன்றியது.

இக்கொடை ஒருவழிப்பட்டதன்று. நிறுவியவருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் இணைவேந்தர் நிலையை அச்சட்டம் உறுதிசெய்தது. அரசுச் சட்டத்தால் அமைந்த பொதுநிறுவனத்தில் மரபுரிமையாகத் தொடரும் பதவி ஒன்று இவ்வாறு இடம்பெற்றது. எத்துறை வளர வேண்டும் என்னும் முடிவில் கொடையாளர் குடும்பத்தின் குரல் ஏறத்தாழ எண்பத்து நான்கு ஆண்டுகள் ஒலித்ததற்கு இதுவே அடிப்படையாகும்.

நோக்கம் சுட்டிய கொடை

தமிழ் இக்கொடையாளரின் முன்னுரிமைகளுள் ஒன்றாக இருந்தமையின் பயன் விரைவில் புலப்பட்டது. விபுலானந்த அடிகள் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் 1938 வரை துறைத் தலைமை ஏற்றார். இசைக்கல்லூரி 1929இலேயே தொடங்கப்பட்டிருந்தது.

1940இல் தமிழிசை வளர்ச்சிக்கெனச் செட்டியார் 10,000 ரூபாய் வழங்கினார். 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் உருவாயிற்று. நிறுவனக் கொடையின் இருநூற்றில் ஒரு பங்கே ஆகிய இத்தொகை, கச்சேரி மேடையின் மொழி குறித்த விவாதத்தைத் தமிழகம் எங்கும் எழுப்பிய இயக்கத்திற்குத் துணைநின்றது.

சிறுதொகையே பெரும்பயன் தரும் என்று இதனைக்கொண்டு பொதுமைப்படுத்துதல் பொருந்தாது. இசைக்கல்லூரி, ஆசிரியர்கள், மாணவர்கள் ஆகிய அடித்தளம் முன்னரே அமைந்திருந்ததால்தான் 10,000 ரூபாய் பயன்பட்டது. அவ்வடித்தளத்தை அமைத்தது முந்தைய பெருங்கொடையாகும். நோக்கம் தெளிவாகச் சுட்டப்பட்ட கொடையும், அதனைச் செயற்படுத்தும் நிலையான துறையும் ஒருங்கே அமைய வேண்டும் என்பதே இந்நிகழ்விலிருந்து பெறப்படும் செய்தி. 1960களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் துணையோடு இங்கு வளர்ந்த மொழியியல் உயராய்வு மையமும் இக்கருத்தை அரண்செய்கிறது. அங்கு நிதி பொதுநிதி. நோக்கமும் துறையும் மட்டும் மாறாமல் தெளிவாக இருந்தன.

கட்டண வருவாயும் அதன் நிலையாமையும்

மூலக்கொடையின் மதிப்பு விலைவாசி உயர்வால் தேய, பல்கலைக்கழகம் வேறு வருவாயை நாடியது. 1979இல் தொலைநிலைக் கல்வி தொடங்கப்பட்டது. 1980இல் பல் மருத்துவக் கல்லூரியும் 1985இல் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. கட்டண வருவாய் மாணவர் சேர்க்கையைப் பொறுத்து ஏறியிறங்குவது. ஊதியமோ ஆண்டுதோறும் உயரும் நிலையான செலவு. இவ்விரண்டின் இடைவெளியை ஈடுசெய்யத்தக்க வைப்புநிதி வளர்க்கப்படவில்லை.

பணியாளர் எண்ணிக்கை பத்தாயிரத்தைக் கடந்த நிலையில், 2012 இறுதியில் ஊதியக் குறைப்பு முன்மொழியப்பட்டது. ஊழியர் போராட்டம் எழுந்தது. 2013 ஏப்ரலில் தமிழக அரசு ஆட்சிப்பணி அதிகாரி ஒருவரை நிர்வாகியாக அமர்த்தியது. அவ்வாண்டே இயற்றப்பட்ட புதிய சட்டம், மரபுரிமை இணைவேந்தர் பதவியை நீக்கி, உயர்கல்வி அமைச்சரை அந்நிலையில் அமர்த்தியது. மிகைப் பணியாளர்கள் பின்னர் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டனர். கொடையாளரின் விருப்பத்தோடு தொடங்கிய நிறுவனத்தின் முன்னுரிமைகளை வகுக்கும் பொறுப்பு இவ்வாறு அரசின் நிதிநிலை அறிக்கையைச் சார்ந்ததாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட மூன்று வரவுகளும் மூன்று வகையான அதிகாரங்களை உடன்கொணர்ந்தன. நிறுவனக் கொடை குடும்பத்திற்கு ஆளுகை உரிமை அளித்தது. நோக்கம் சுட்டிய கொடை துறைக்குத் திசை காட்டியது. கட்டண வருவாய், மாணவர் மிகுதியாக நாடும் பாடங்களுக்கு முதலிடம் தந்தது. சேர்க்கை குறைந்த இலக்கிய, இலக்கண, இசை ஆய்வுகள் மூன்றாம் வகையை மட்டும் நம்பி நிலைத்தல் அரிது.

இன்று மாநிலப் பல்கலைக்கழகங்கள் முன்னாள் மாணவர்களிடமும் தொழில் நிறுவனங்களிடமும் நிதி நாடுகின்றன. பெயர் பொறிக்கத்தக்க கட்டடத்திற்குக் கொடையாளர் கிடைப்பது எளிது. ஓர் ஆய்விருக்கைக்கோ சுவடிப் பாதுகாப்பிற்கோ கிடைப்பது அரிது. ஆதலின் ஆய்விருக்கை, சுவடிப் பாதுகாப்பு, ஆய்வு உதவித்தொகை ஆகியவற்றிற்கு அசல் குறையாத தனி வைப்புநிதி அமைத்தலும், வட்டியின் ஒரு பகுதியை விலைவாசிக்கு ஈடாக அசலோடு சேர்த்தலும், கொடையோடு ஆளுகை உரிமை கைமாறாதவாறு விதி வகுத்தலும் நிதி திரட்டலுக்கு முன்னரே முடிவுசெய்யப்பட வேண்டியவை. பணம் வந்தபின் முன்னுரிமை வகுப்பின், அதனை வகுப்பவர் பல்கலைக்கழகத்தாராக இரார் என்பதே அண்ணாமலைநகரின் வரலாறு உணர்த்துவதாகும்.