டீசல் எஞ்சினின் கவர்ச்சி

சுமை இழுப்பதற்கென்றே அறியப்பெற்ற டீசல் எஞ்சின், விரைவையே உயிராகக் கொண்ட பந்தயக் காருக்கு எவ்வாறு பொருந்திற்று? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் நம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் ரயில்வே வரலாற்றை நோக்குவது நலம்.

1886ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. பின்னர்ப் பிரிக்பீல்ட்சில் ரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்தோரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கு வாழ்ந்து ரயில்வேயில் உழைத்தனர். அக்காலத்து நீராவி எஞ்சின், நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவையாக மாற்றவில்லை. எஞ்சியது புகையோடும் ஆவியோடும் வீணாயிற்று.

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய எஞ்சினோ, எரிபொருளின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பயன்படுத்திற்று. காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கடுஞ்சூடேறும்; அதனுள் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். அவ்வழுத்தமே அதன் சிக்கனத்திற்குக் காரணம்.

1957இல் 1,500 குதிரைத்திறன் கொண்ட டீசல்-மின் எஞ்சின்கள் மலாயா ரயில்வேக்கு வரத் தொடங்கின. கரி அள்ளிப் போடும் ஆளுக்கு அவற்றில் வேலையில்லை. 1915 முதல் நிலக்கரி வெட்டப்பெற்ற சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கமும், எண்ணெயின் போட்டிக்கு ஆற்றாது 1960இல் மூடப்பட்டது. ஒருவர்க்குச் சிக்கனமாயிருந்தது மற்றொருவர்க்குப் பிழைப்பின் முடிவாயிற்று.

இச்சிக்கனமே பந்தயக்காரரையும் ஈர்த்தது. 1952இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் கம்மின்ஸ் டீசல் கார் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றது. ஆயினும், காற்றுப் புகும் வழியை ரப்பர்த் துகள்கள் அடைத்தமையால் பந்தயத்தை முடிக்க இயலவில்லை.

வெற்றி பிரான்சில் கிட்டியது. லெ மான் பந்தயம் 24 மணி நேரம் நடப்பது. அங்கே எண்ணெய் நிரப்ப நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே. 2006இல் ஆடி நிறுவனத்தின் டீசல் கார் 380 சுற்றுகள் ஓடி வென்றது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மிகுந்த தூரம் அது. குறைந்த சுழற்சியிலேயே சக்கரத்தை வலிமையாகத் திருகும் விசையும், ஒருமுறை நிரப்பிய எண்ணெயில் நெடுந்தூரம் ஓடும் தன்மையும் துணை நின்றன. டீசலுக்குப் பெரிய எஞ்சினை அனுமதித்த பந்தய விதிகளும் உதவின என்பதை மறத்தல் ஆகாது. 2014 வரை டீசல் கார்களே அங்கு வாகை சூடின.

2015இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் புகைச் சோதனைகளை ஏய்த்தது வெளியாயிற்று; டீசலின் நற்பெயர் குலைந்தது. 2016இன் முடிவில் ஆடியும் அப்பந்தயத்தினின்று விலகிற்று.

பிரிக்பீல்ட்சிலும் காலம் மாறிற்று. பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பெற்றது. கிள்ளானுக்குச் செல்லும் பயணிகளை 1995 முதல் மின்ரயில் ஏற்றிச் செல்கிறது. நீராவியை வென்ற டீசல் இன்று மின்சாரத்துக்கு வழிவிடுகிறது. எஞ்சின்களின் வரலாற்றை எழுதுவோர் வென்ற எஞ்சினின் பெயரோடு நின்றுவிடாமல், கரி அள்ளிய கைகளையும் குறித்து வைத்தல் கடன்.