ஒரு மாதம், மூன்று மாதம், பத்து மாதம்: சென்னையில் வாடகை வீட்டின் கதை



போன வாரம் நம் கீழ்பென்னாத்தூர்ப் பையன் ஒருவன் சென்னையிலிருந்து போன் செய்தான். என்னிடம் படித்தவன். இத்தனை நாள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் நண்பர்களோடு இருந்தான். இப்போது கல்யாணம் ஆகிவிட்டதால் வீடு தேடுகிறான். அவன் கேட்பது ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான். வீட்டு ஓனர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறாராம். "அக்ரிமெண்ட் எல்லாம் எதுக்குப்பா, நம்பிக்கைதானே முக்கியம்" என்றும் சொன்னாராம். "சார், அம்மா நகையை அடகு வெச்சுத் தரேன்றாங்க. கொடுக்கலாமா?" என்று கேட்டான்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் வரலாறு நடத்தியவன், வக்கீல் இல்லை. ஆனால் இந்த அட்வான்ஸுக்கும் அக்ரிமெண்டுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வீடு தேடும் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. போர் வந்ததும் நகரங்களில் வாடகை ஏறியது. 1941இல் அன்றைய மதராஸ் அரசு, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் நிலைமை தலைகீழானது. மதராஸ்வாசிகள் மூட்டை முடிச்சோடு உள்ளூர்களுக்குக் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்களே உள்மாவட்டங்களுக்கு மாறின. நேற்றுவரை வீடு கிடைக்காத ஊரில் வீடுகள் பூட்டிக் கிடந்தன.

பயம் தெளிந்ததும் போனவர்கள் திரும்பினார்கள். அவர்களோடு புதியவர்களும் வந்தார்கள். 1941 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 7.8 லட்சமாக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 1951இல் 14 லட்சத்தைத் தாண்டியது. இடையில் நகர எல்லையை விரித்ததும் அதற்கு ஒரு காரணம். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே வீட்டில் நாலைந்து குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனம் இருந்தன. குழாயடி ஒன்று, கழிப்பறை ஒன்று. சமையல் மட்டும் தனித்தனி.

போருக்காக வந்த கட்டுப்பாடு போர் முடிந்த பிறகும் போகவில்லை. 1946இல் சட்டமாயிற்று, 1949இல் புதுப்பிக்கப்பட்டது, 1960இல் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைத்தது. தொடக்கத்தில் நியாய வாடகைக்கு 1940க்கு முந்தைய வாடகைதான் அளவுகோல். பின்னாளில் கட்டடத்தின் மதிப்பையும் மனையின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பு என்றால் அதில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தச் சட்டங்களில் இன்றைக்கு நம்ப முடியாத விதி ஒன்று இருந்தது. வீடு காலியானால் ஏழு நாளுக்குள் ஓனர் அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மிகக் குறைந்த வாடகை வீடுகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி, அரசு விரும்பினால் அந்த வீட்டைத் தன் ஊழியருக்கு ஒதுக்கலாம். யாருக்கு வீடு என்பதில்கூட அரசு கை வைத்த காலம் அது.

அட்வான்ஸ் பற்றியும் 1960 சட்டம் தெளிவாகச் சொன்னது: ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதிகமாக வாங்கியிருந்தால் வாடகை பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் சொன்னதும் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் குடித்தனக்காரருக்குப் பாதுகாப்பு இருந்தது. சட்டம் சொன்ன காரணங்களுக்காக மட்டுமே, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் உத்தரவோடுதான் அவரைக் காலி செய்ய வைக்க முடியும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓனர் பக்கமும் நியாயம் உண்டு. ஓய்வுப் பணத்தைப் போட்டு ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டவர், வாடகையையும் உயர்த்த முடியாமல் ஆளையும் எழுப்ப முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார். வாடகை போதாத வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? பம்பாயில் 1947 சட்டம் வாடகையை 1940 அளவிலேயே நிறுத்தியது. அங்கே 'பகடி' என்ற பெயரில் பெரும் தொகை கைமாறுவது வழக்கமாயிற்று. நம் சென்னையில் சட்டம் ஒரு மாதம் என்று சொல்ல, தெருவில் அட்வான்ஸ் பத்து மாதமாக வளர்ந்தது. 'ஆள் போகாவிட்டால் என்ன செய்வது' என்ற ஓனரின் பயமும் அந்தப் பத்துக்குள் இருக்கிறது என்பது என் கணிப்பு.

குடித்தனக்காரரின் பயத்தைப் பார்க்க வேண்டுமானால் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைப் பாருங்கள். 1988இல் வந்தது, தேசிய விருது பெற்றது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதில்தான் அந்தக் குடும்பத்தின் கதையே ஆரம்பிக்கிறது.

இந்தப் பழைய சட்டம் 2019 பிப்ரவரி 22 வரை நீடித்தது. அன்றுதான் 2017இல் இயற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. நில உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று அதற்குப் பெயர். இதில் நியாய வாடகைக் கணக்கு இல்லை. இருவரும் பேசி முடிப்பதுதான் வாடகை. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதிவு செய்தால் ஓர் எண் கிடைக்கும். பழைய குடித்தனக்காரர்கள் புதிய ஒப்பந்தம் போடத் தவறியதே, காலி செய்யச் சொல்லும் காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் இடம்பெற்றது.

11 மாத அக்ரிமெண்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு அந்தக் கணக்கு உதவாது. 11 மாதமானாலும் பதிய வேண்டும்.

அட்வான்ஸ்? புதிய சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்று ஒரு சிறு தொடரையும் சேர்த்திருக்கிறது. ஓனர் கேட்கும் பத்து மாதம் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்தும் சட்டப்படி சரியாகிவிடும்.

ஆக, பழைய சட்டம் காகிதம் இல்லாதவரையும் காத்தது. புதிய சட்டம் காகிதம் வைத்திருப்பவரைத்தான் காக்கும். "அக்ரிமெண்ட் எதுக்கு" என்ற பேச்சு நம் தாத்தா காலத்தில் பெரிய ஆபத்தில்லை. இன்று அதை நம்பிப் பணம் கொடுத்தால், அம்மாவின் நகைக்கு ஒரு சாட்சியும் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "என்ன ஆளுங்க நீங்க? சைவமா, அசைவமா?" என்று ஓனர்கள் கேட்டதாகப் பல மாணவர்கள் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். குடிவந்த பிறகு நடப்பதைத்தான் இந்தச் சட்டம் பேசுகிறது. யாருக்கு வீடு என்பதை ஓனரிடமே விட்டுவிட்டது. அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. நாளை நீங்கள் வீட்டு ஓனர் ஆகும்போது அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். ஆசிரியனாக நான் கேட்டுக்கொள்வது இதுதான்.

அந்தப் பையனிடம் மறுநாள் சொன்னேன்: "தம்பி, முதலில் மூன்று மாதம் கேட்டுப் பார். நாலோ ஐந்தோ என்று முடிந்தாலும், தொகையை அக்ரிமெண்டில் எழுதி வாங்கு. பணத்தை வங்கி வழியாக அனுப்பு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார் என்பதையும் இப்போதே எழுதச் சொல். பதிவு எண் வாங்கு. எழுத்தே வேண்டாம் என்பவர் வீடு வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை."

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். நகை இன்னும் அம்மா கழுத்தில்தான் இருக்கிறது. சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகள் யாருக்காவது நல்ல வீடு தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், அவனிடம் சொல்கிறேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.