முத்துக் கரையும் தமிழும்
மன்னாரில் பாட்டு, உரைநடை, ஆராய்ச்சி

மன்னார்த் தீவிற்குத் தெற்கே, பெருநிலக் கரையோரமாக, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. அவற்றிற்கு மேற்கே, கடலின் அடியில், முத்துச் சிப்பிகள் பற்றி வாழும் பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. அவற்றைப் பார்கள் என்பர். பெரியபார், செவல்பார் முதலாகப் பலவுண்டு. அப்பெயர்கள் யாவும் தமிழ்ப் பெயர்களே. அவற்றைப் பற்றி எழுந்த பேராராய்ச்சி நூலோ தமிழில் எழுந்ததன்று. 1903 ஆம் ஆண்டு தொடங்கி 1906 ஆம் ஆண்டுவரை ஐந்து பாகங்களாக இலண்டன் மாநகரத்து அரச கழகத்தாரால் அஃது ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. பார்களின் பெயர்கள் அந்நூலில் உரோமன் எழுத்தில் ஏறியுள்ளன. பெயரிட்ட மக்களின் மொழிக்கு அந்நூலின் முடிபுகள் திரும்பி வந்தில.

ஒரு மொழி எவற்றையெல்லாம் சுமத்தல் வேண்டும் என்னும் வினாவை இந்நிகழ்ச்சி நம்முன் வைக்கின்றது. பாட்டையும் உரைநடையையும் மட்டும் சுமந்தால் அமையுமா? மக்களின் பிழைப்பைப் பற்றிய ஆராய்ச்சியையும் அவர்தம் உடல்நலத்தைப் பற்றிய ஆராய்ச்சியையும் அது சுமக்க வேண்டாமா? மன்னார்க் கரையின் வரலாற்றைக் கொண்டே இவ்வினாவை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாட்டு இக்கரைக்குப் புதியதன்று. மாதோட்டம் பெருந்துறையாய் விளங்கிய நாளில், அங்கெழுந்த திருக்கேதீச்சரத்தைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் தத்தம் பதிகத்தாற் போற்றினர். அதற்குப் பல நூற்றாண்டுகளின் பின், 1560 ஆம் ஆண்டில், போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். எதிர்க்கரையாகிய முத்துக்குளித்துறையிலிருந்து பரதவர் பலர் அந்நாளில் மன்னாருக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடு வந்து சில ஆண்டுகள் இங்கு வதிந்தவர் அண்டிறீக் அடிகள் எனப்படும் என்றிக்கே என்றீக்கசு என்னும் இயேசு சபைக் குரவர். தமிழ் இலக்கணத்தை ஆராய்ந்து ஐரோப்பியருக்கு விளக்கிய முன்னோடிகளுள் அவர் தலையாயவர். அவர் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் 1578 ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூலில் இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் முதன்முதலாக அச்சில் ஏறிற்று. 1586 இல் வெளிவந்த அடியார் வரலாறு என்னும் பெருநூல் தமிழ் உரைநடையின் வளர்ச்சியில் ஒரு படியாகும்.

அவ்வடிகளே புன்னைக்காயலில் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையை அமைத்து, அதனை அவ்வூர் மக்களின் பொருளுதவியால் நடத்தியவருமாவர். நூலும் மருந்தும் ஒருவர் கையினின்றே ஒரு கடற்கரை மக்களுக்குக் கிடைத்தமை ஈண்டு நினைவிற் கொள்ளத் தக்கது.

ஒல்லாந்தர் 1658 இல் மன்னாரைக் கைக்கொண்டபின் கத்தோலிக்க சமயம் ஒடுக்கப்பட்டது. ஆயினும் அதன் தமிழ் ஒடுங்கவில்லை. 1705 ஆம் ஆண்டில் மன்னார்க் கரையில் வந்திறங்கிய கோவை நகரல்லாத கோவா நாட்டுக் குரவராகிய யாக்கோமே கொன்சால்வெசு, தமிழையும் சிங்களத்தையும் கற்று இருமொழியிலும் நூல்கள் பல இயற்றினார். 1742 இல் அவர் மறைந்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலந்தோறும் இராகத்தோடு ஓதப்பட்டு மக்கள் நாவில் நிலைபெற்றது. நாட்டுக்கூத்தும் வாசாப்பும் ஊர்தோறும் வளர்ந்தன. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என ஆடலிலும் பாடலிலும் இருவகை மரபு வகுத்துக் கூறும் அளவிற்கு அக்கலை செழித்தது. ஏட்டிற் கிடந்த மன்னார் நாடகங்கள் சிலவற்றை 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து உதவினார். எனவே பாட்டிலும் உரையிலும் இக்கரை வறுமையுற்றதில்லை என்பது தெளிவு.

இனி, அறிவுத் துறைகளை நோக்குவோம். பண்டைத் தமிழர் மருத்துவத்தைச் செய்யுளிலேயே யாத்தனர். யாழ்ப்பாண அரசர் காலத்து எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இதற்குச் சான்று. நோயின் குறியும் மருந்தின் அளவும் விருத்தமாய் நின்று, வைத்தியர் பரம்பரையின் நினைவில் வாழ்ந்தன. அக்காலத்திற் பாட்டும் மருத்துவமும் ஒரே ஏட்டில் உறைந்தன. அவற்றைப் பிரித்துக் காணும் வழக்கம் பிற்காலத்ததேயாகும்.

பொருளியலும் இவ்வாறே. முத்துச் சலாபத்தின் கணக்கு முறை முழுவதும் தமிழில் நடந்தது. எடுத்த முத்துக்களைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலிப்பர். முதற் சல்லடைக்கு 20 துளை. இறுதிச் சல்லடைக்கு 1000 துளை. பருமன் இவ்வாறு தெரிந்தபின், வடிவும் ஒளியும் நோக்கி ஆணி, அணதாரி, களிப்பு, குறுவல், பீசல், தூள் என்றவாறு இனம் பிரிப்பர். எடை மஞ்சாடியில் அளக்கப்படும். உயர்ந்த முத்தின் விலையைச் செவ்வு என்னும் அளவாற் கணிப்பர். அக்கணிப்பில் எடையை எடையாற் பெருக்குதலே அடிப்படை. ஆதலால் ஒரு முத்தின் எடை இருமடங்கானால், அதன் விலை இருமடங்கன்று, நான்கு மடங்காகும். பெரிய முத்து அரிது என்னும் உண்மையை இவ்வளவு செவ்விதாகக் கணக்கிற் பொதிந்து வைத்த வணிகரைக் கல்லாதவர் எனக் கூறுதல் பொருந்துமா? ஆங்கில அதிகாரிகள் இம்முறையை மாற்றாது, தமிழ்ச் சொற்களோடு அப்படியே தம் அறிக்கைகளில் எழுதிக்கொண்டனர்.

புதுமுறை ஆராய்ச்சி வந்தபோதுதான் பிளவு நேர்ந்தது. 1857 ஆம் ஆண்டில், இலங்கையிற் பிறந்த மருத்துவரும் உயிர்நூலறிஞருமாகிய கேலாட் என்பவரை, முத்துச் சிப்பியின் இயல்பை ஆராயுமாறு அரசினர் பணித்தனர். சிப்பி தன்னைப் பாறையோடு பிணிக்கும் நாரை விடுத்து, வேறிடம் நகர்ந்து, புதுநார் விடவல்லது என அவர் காட்டினார். முத்துத் தோன்றுதற்கு ஒட்டுண்ணிகள் காரணமாகலாம் எனவும் கருதினார். 1860 இல் அவர் இறந்தமையால் அவ்வாராய்ச்சி இடையில் நின்றது.

1891 ஆம் ஆண்டுச் சலாபத்தின் பின் பன்னீராண்டு அளவும் சலாபம் நிகழவில்லை. அதன் காரணம் ஆராய, 1902 ஆம் ஆண்டில் இலிவர்பூல் நகரத்துப் பேராசிரியர் ஹேர்ட்மன், ஹோர்னெல் என்னும் துணைவருடன் வந்தார். பார்களை ஆராய்ந்த அவர்கள், அலையும் நீரோட்டமும் மணலைப் புரட்டி இளஞ்சிப்பிகளை மூடிவிடுதல், நெருக்கம் மிகுதல், மீன் முதலிய பகைகள் அழித்தல் என்பவற்றைக் காரணங்களாகக் கண்டனர். அவர்கள் பெரியபாரைப் பற்றிக் கூறியது குறிப்பிடத் தக்கது. கரைக்கு அப்பால், தென்மேற்குப் பருவக் காற்றின் முழு வேகத்தையும் ஏற்கும் அப்பாரில் இளஞ்சிப்பிகள் பன்முறை திரளாகப் படிந்தன. படிந்தவை முதிருமுன்னே அழிந்தன. ஆதலால் அவற்றை அள்ளிப் பாதுகாப்பான பார்களிற் பெயர்த்து விடுதல் வேண்டும் என்பது அவர்கள் துணிபு.

அப்பெரியபாரைத் தாய்ப்பார் என்னும் பொருளில் நம் குளியாளர் நெடுங்காலமாக வழங்கிவந்தனர். ஏனைப் பார்களுக்கு இளஞ்சிப்பிகளை ஈன்று அனுப்புவது அதுவே என்பது அவர்கள் நம்பிக்கை. சிப்பிகள் அங்கிருந்து தாமே பெயர்ந்து பிற பார்களுக்குச் செல்கின்றன என்பதை அறிஞர் ஏற்றிலர். ஆயினும் அப்பாரே பிள்ளை மிக்கது என்பதை அறிஞரும் கண்டனர். குளியாளரும் முன்னரே கண்டிருந்தனர். ஒரு சாரார் வலையும் நுண்ணோக்கியும் கொண்டு கண்டனர். மற்றையோர் கல்லைக் காலிற் கட்டி மூச்சடக்கி இறங்கிக் கண்டனர். இவ்விரு காட்சியும் ஒரு மொழியில் எதிர்ப்பட்டு உரையாடியிருப்பின், எங்கே குளியாளர் பிழைத்தனர், எங்கே அறிஞர் கற்கவேண்டியிருந்தது என்பது இருவர்க்கும் விளங்கியிருக்கும். அவ்வுரையாடல் நிகழவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசினருக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்தது. மறுவாண்டு, ஆண்டொன்றிற்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்கள் ஆங்கிலக் குழுமம் ஒன்றிற்குக் குத்தகையாக விடப்பட்டன. 1907 இன் பின் சிப்பிகள் முதிர்ந்து கிடைத்தில. 1912 இல் அக்குழுமம் கலைந்தது. 1925 இலும் 1958 இலும் சலாபம் நிகழ்ந்தது. பின்னர் அப்பெருவிழாவை இக்கரை கண்டதில்லை. குளியாளர் தம் பங்காகிய மூன்றிலொரு கூற்றுச் சிப்பிகளை இழந்தனர். இழப்பின் காரணத்தை விளக்கும் நூல் இருந்தது. இழந்தோர் கற்கும் மொழியில் அஃது இருந்ததில்லை.

தமிழ் இத்தகைய அறிவைச் சுமக்க வலியற்றது என்று கூறுவார் உளராயின், அவர்க்கு விடை மன்னாருக்கு அணித்தாகிய மானிப்பாயிலேயே உண்டு. அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அறுபதிற்கு மேற்பட்டோரை மேனாட்டு மருத்துவத்திற் பயிற்றினார். ஆங்கிலங் கற்றுத் தேர்ந்த மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியே செல்வதையும், தமிழிற் கற்றவர் தம்மூரிலேயே தங்குவர் என்பதையும் உணர்ந்து, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. சொல் இல்லாதவிடத்துச் சொல் ஆக்கினார். ஆக்கவியலாதவிடத்துப் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைத்தார். அக்காலத்திலேதான் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்து ஏழைத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் அவருட் பலரை வழியிலேயே மாய்த்தன. தமிழ் பேசும் மருத்துவரின் தேவைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. எனினும் 1873 இல் கிறீன் தாயகம் மீண்டபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. தமிழ் ஆற்றாமையால் அது வீழ்ந்ததன்று. தாங்குவார் இன்மையால் வீழ்ந்தது.

இவ்விடத்து வேறொரு தீவை ஒப்புநோக்குதல் பயன்தரும். மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா, மன்னாரைப் போலவே கடலும் கோட்டையும் கத்தோலிக்கமும் சூழ்ந்த சிறு நிலம். அதன் மொழி அரபு இனத்தது. உரோமன் எழுத்தில் எழுதப்படுவது. கற்றோர் நெடுங்காலம் இத்தாலிய மொழியையே மதித்து, அதனைச் சமையலறை மொழியென இகழ்ந்தனர். 1796 இல் வசாலி என்பவர் அகராதி தொகுத்து அதன் பெருமையை நாட்டினார். டுன் கார்ம் என்னும் குருவானவர் இத்தாலியத்தில் எழுதிவந்தவர். 1912 முதல் தாய்மொழியிற் பாடத் தொடங்கித் தேசியக் கவியாய் உயர்ந்தார். 1920 இல் எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1934 இல் அம்மொழி அரசகரும மொழியாயிற்று.

அத்தீவின் மருத்துவர் தெமிசுத்தோக்கிளெசு சம்மிற்று என்பவர், மால்டாக் காய்ச்சல் எனப்பட்ட கொடுநோயின் கிருமி ஆடுகளில் உறைவதை 1905 ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். ஆட்டுப்பாலே நோய்க்கு வாயில் என்பது அதனால் வெளிப்பட்டது. படைவீரர்க்கு அப்பாலை நிறுத்தியவுடன் அவரிடையே நோய் தணிந்தது. அவரே தம் மக்கள் மொழியில் சிறுகதைகள் எழுதிய இலக்கிய ஆசிரியரும் ஆவார். ஆயினும் அங்கும் ஆராய்ச்சி ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. கதையே மால்டா மொழியில் எழுந்தது. ஒருவருள் இரண்டும் கூடின. ஒரு மொழியுள் இரண்டும் கூடவில்லை. அத்தீவார் பெற்ற பேறு, ஆராய்ந்தவர் தம்மவராய் இருந்தமை. நாம் பெற்ற பேறு, கிறீன் ஆக்கிய தமிழ் நூல்கள். இரண்டும் ஒருங்கு வாய்த்த நாடே முழுமை பெறும்.

இன்று நம் மாணவர் உயிரியலையும் இரசாயனத்தையும் பொருளியலையும் தமிழிற் கற்கின்றனர், கலைச்சொற்கள் உள, கற்பிப்போர் உளர். ஆதலால் ஹேர்ட்மனின் ஐந்து பாகங்களுள் மன்னார்ப் பார்களைப் பற்றிய பகுதியையேனும் தமிழிற் பெயர்த்தல் அரிய செயலன்று. அவ்வாறு பெயர்க்கும்போது, பார்களின் பெயர்கள், முத்தின் இனப்பெயர்கள், காற்றிற்கும் நீரோட்டத்திற்கும் கடற்றொழிலாளர் வழங்கும் சொற்கள் என்பவற்றை அகராதியிலன்று, பேசாலையிலும் வங்காலையிலும் சிலாவத்துறையிலும் முதியோர் வாயிற் கேட்டு எழுதுதல் வேண்டும். அவர்கள் மறையுமுன் அது செய்யப்படுதல் வேண்டும். உரோமன் எழுத்திற் சென்ற பெரியபார் தமிழ் எழுத்தில் மீளும் அந்நாளிற்றான், அதனைத் தாய்ப்பார் என்றவர்க்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியாவது தீரும்.