ஆரம்ப சுகாதார நிலையம் (தமிழ்நாடு)

கிராமப்புற மக்களுக்கு முதல்நிலை மருத்துவமும் நோய்த்தடுப்பும் வழங்கும் அரசு மருத்துவ அமைப்பு. ‘போர்’ (Bhore) குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை இதற்கு அடித்தளமிட்டது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். மலைப்பகுதியில் இவை முறையே 3,000, 20,000. நகர்ப்புற நிலையத்துக்கு 50,000.

பல மாநிலங்களில் இல்லாத தனிப் பொது சுகாதாரத் துறை தமிழகத்தில் உண்டு. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் அதற்கு வலுச்சேர்க்கிறது. மருந்துக் கொள்முதலை 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மேற்கொள்கிறது.

அமைப்பின் உண்மையான அச்சு கிராம சுகாதார செவிலியரே. கர்ப்பிணியைப் பதிந்து, கர்ப்பிணி–குழந்தை கண்காணிப்புக்கான ‘பிக்மி’ (PICME) எண் பெற்றுத் தருவது, இரத்த அழுத்தமும் எடையும் பார்ப்பது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது அவர் பணிகள். பிறப்புப் பதிவுக்கும் அந்த எண் கேட்கப்படுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது.

மக்கள்தொகை அளவுகோலின் குறையைப் புறநகர்களில் காணலாம். எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் மாவட்டக் குன்றத்தூர் 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. சுற்றியுள்ள கிராமங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் உள்ளன. வாடகைக் குடியிருப்புகள் பெருகும் இத்தகைய புறநகரில் மக்கள்தொகைக் கணக்கை நம்பிய அளவுகோல் விரைவில் பழையதாகிவிடுகிறது.